ஒரு சிட்டிகை நீறு

ஆகத்தம்மா சேலைத் தலைப்பின் நுனியைத் தண்ணீரில் நனைத்து, தூங்கிக்கொண்டிருந்த மகளின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. கொப்பளிப்பான் என்ற அம்மை வந்து ஆறிக்கொண்டிருந்த நெற்றி அது. காய்ந்த பொருக்குகள் பெயர்ந்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி, மெல்ல ஒற்றி ஒற்றித் திருநீற்றை எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்குவம்தான் பிறகு நினைக்க நினைக்க அவளைக் கொன்றது. ஒரே இழுப்பில் துடைத்திருந்தால் பிள்ளைக்கு முகம் கழுவினேன் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். இது ஒரு துகள்கூட மிஞ்சக் கூடாதென்று பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. நிமிர்ந்தபோது அடுத்த வளவு அன்னபாக்கியம் கையில் பித்தளைக் கிண்ணத்தோடு நின்றாள். கிண்ணத்துக் கஞ்சியில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

அன்னபாக்கியம் பிள்ளையின் ஈர நெற்றியை ஒரு தடவை பார்த்தாள். கிண்ணத்தைக் கதவோரம் கிடந்த உரலின்மேல் வைத்தாள்.

"ஆற முன்னம் குடு, பிள்ளை."

வழக்கமான குரல்தான். பிறகு இரண்டு வளவுக்கும் நடுவேயிருந்த வேலிப் பொட்டால் குனிந்து போய்விட்டாள். ஆள் குனிந்து போகுமளவுக்கு அந்த இடைவெளியை அவள்தான் மட்டைகளை ஒதுக்கி உண்டாக்கியிருந்தாள், சுற்றிவரப் பாதையால் நடக்கப் பஞ்சிப்பட்டு. அன்றைக்குப் பிறகு அவள் அதால் வரவில்லை.

இரணைமடுக் குளத்து வாய்க்காலோரம் காடு வெட்டிக் காணி கொடுத்த குடியேற்றத் திட்டத்தில், அந்த வரிசையிலேயே கத்தோலிக்க வேதக்கார வீடு அது ஒன்றுதான். மற்றெல்லாரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சைவச் சனம். ஆகத்தம்மாவின் புருஷன் இன்னாசி முல்லைத்தீவுக் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவன். கடலை நம்பினது போதும், மண் ஒருநாளும் ஆளைத் தாழ்க்காது என்று சொல்லிக்கொண்டு காணிக்கு எழுதிப் போட்டு, கிடைத்ததும் பெண்சாதியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தான். போன ஆவணியில் வயல் வரம்பில் நாகம் தீண்டிச் செத்தான். அன்னபாக்கியத்தின் புருஷன் சிற்றம்பலம்தான் மாட்டு வண்டிலில் கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடினவர். அடுத்த நாள் அதே வண்டிலில் கோயில் சவக்காலைக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். வரிசைச் சனம் முழுவதும் வந்தது. கோயிலுக்குள் எப்போது முழங்காலில் நிற்பது, எப்போது எழும்புவது என்று தெரியாமல், முன்னால் நின்றவர்களைப் பார்த்துப் பார்த்துப் பாதி குனிந்தபடி நின்றார்கள். ஆகத்தம்மா அழுதுகொண்டே அதைக் கவனித்தாள். அவர்கள்மேல் அன்பு வந்தது.

கரையிலிருந்த தமக்கை திரும்பி வரச்சொல்லி ஆள் விட்டாள். வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினாள் ஆகத்தம்மா. ஆளில்லாமற் போனால் காணி கைவிட்டுப் போகும், இன்னாசி மகளுக்கென்று விட்டுவிட்டுப் போனது அந்த மண் மட்டுந்தான். அதனால் இருந்தாள். பின்னேரங்களில் மகள் செசிலியை மடியில் வைத்துக்கொண்டு செபமாலை சொல்லுவாள். முன்பாதியைச் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துவாள். பின்பாதியை எடுத்துச் சொல்ல இன்னாசி இல்லை. பிறகு அதையும் தானே சொல்லுவாள்.

அவளுடைய தகப்பன் சந்தியாப்பிள்ளை அந்தக் கரைக் கோயிலின் சங்கிலித்தாம். மணி அடிப்பதும் விளக்கேற்றுவதும் பூசைச் சாமான்களைத் துலக்கி வைப்பதும் அவருக்கு வேலை. வீட்டில் செபமாலை முடிந்ததும் கதை சொல்லுவார். வேதத்துக்காக உயிர் விட்ட வேதசாட்சிகளின் கதையைத் தவிர அவருக்கு வேறு கதை தெரியாது. நான்கு பெண் பிள்ளைகளுக்கும் வேதசாட்சிகளின் பெயர்தான் வைத்தார். ஆகையால் பெயர்த் திருநாளன்று பலகாரத்தோடு, அந்தப் பெயர்க்காரி எப்படிச் செத்தாள் என்ற விபரமும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். ஆகத்தம்மாவின் முறை மாசியில் வரும். அந்தக் கதை முடிந்த பிறகு அவளுக்குப் பலகாரம் இறங்காது.

ரோமாபுரியின் சிங்கங்களும், யப்பான் தேசத்துக் கடற்கரையில் வரிசையாக நட்ட சிலுவைகளும் அவருக்கு நேரில் கண்ட சங்கதி. யாழ்ப்பாணத்து அரசனின் வாளுக்குக் கழுத்தை நீட்டிய மன்னார்ச் சனத்தைப் பற்றிச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். ஒல்லாந்தர் காலம் வந்தால் கதை வீட்டுக்குக் கிட்ட வந்துவிடும். கோயில்களைப் பூட்டினார்கள். குருக்கள் கூலியாட்களைப் போல வேசம் போட்டு வந்து, கதவைச் சாத்திய வீடுகளுக்குள் பூசை வைத்துவிட்டுப் போனார்கள். மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வன்னிக் காட்டுக்குள் ஓடினார்கள்.

"யானைக்கும் கரடிக்கும் பயப்பிடாமல் ஏன் ஓடினவை? நெத்தியைக் காப்பாத்த. ஞானஸ்நானத்தில சிலுவை போட்ட நெத்தி."

அவள் அதிகம் பயந்த கதையில் சிங்கமும் இல்லை, வாளும் இல்லை. ஒரு பெண் பிள்ளையை நீதிபதி முன் நிறுத்துகிறார்கள். அவன் நல்லவன். இரக்கப்படுகிறான். மகளே, தேவதைச் சிலையின் முன்னாலிருக்கும் தணலில் ஒரு சிட்டிகை சாம்பிராணி போடு, போட்டுவிட்டு வீட்டுக்குப் போ என்கிறான். இந்த இடத்தில் சந்தியாப்பிள்ளை பெருவிரலையும் இரண்டு விரல்களையும் ஒன்றாகக் குவித்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார். "இவ்வளவுதான் கேட்டவன்" என்பார். அவள் போடவில்லை. மிச்சத்தை அவர் சொல்லமாட்டார், விரல்களை மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருப்பார்.

ஆகத்தம்மா குடியேற்றத்துக்குப் புறப்பட்ட அன்று அவர் பஸ்ஸடி வரைக்கும் வந்தார். அந்தக் காலத்தில் ஓடினவர்கள் கும்பலாக ஓடினார்கள், நீ தனியப் போகிறாய் என்றார். பிறகு பஸ் யன்னலுக்குள் கையை விட்டு, கைக்குழந்தையின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டார்.

"இதில வேற ஒண்டும் பூச விடாதை."

ஓம் அப்பு என்று சொன்னாள். அந்த மார்கழியில் அவர் போய்விட்டார். சொன்ன சொல்லை இனித் திருப்பி வாங்க ஆளில்லை.

ஆனால் அவர் அவளை ஆயத்தப்படுத்தியது வாளுக்கும் நெருப்புக்கும். கஞ்சிக் கிண்ணத்தோடு வருகிறவளுக்கு அல்ல. அதை எந்த வேதசாட்சியின் சரித்திரத்திலும் அவர் வாசித்திருக்கவில்லை.

தையில் செசிலிக்குக் கொப்பளிப்பான் போட்டபோது வரிசையில் குழந்தைகள் இருந்த வீட்டார் எட்டி நின்றார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அன்னபாக்கியம் மட்டும் வேலிப் பொட்டால் வந்து வாசலில் வேப்பிலை கட்டினாள். சட்டியில் பொரிக்காதே, தாளிக்காதே என்று சட்டம் போட்டாள். வேப்பிலைக் கொத்தால் பிள்ளையின் உடம்பைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். பிள்ளை சத்தியெடுத்தபோது இரண்டு கையையும் ஏந்தினாள். வேப்பிலை கட்டியபோதே ஆகத்தம்மாவுக்கு அது உறுத்தியது. இலைதானே, மருந்துதானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அன்னபாக்கியத்துக்கும் ஊரில் ஒரு மகள் இருந்திருக்கிறாள். இதே வருத்தத்தில், இதே வயதில் போனவள். அதை அன்னபாக்கியம் ஒரு தடவைதான் சொன்னாள், அதுவும் வேப்பிலையில் எறும்பு பொறுக்கிக்கொண்டு.

காய்ச்சல் இறங்கவில்லை. பிள்ளைக்குப் பேச்சுத் தடுமாறியது. ஒரு காலையில் அன்னபாக்கியத்தைக் காணவில்லை. பொழுதுபட வந்தாள், தலையெல்லாம் புழுதி. பரந்தனுக்குப் போய், புதுக்குடியிருப்பு பஸ் எடுத்து, அங்கிருந்து இன்னொன்று மாறி, மிச்சத்தை நடந்து வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பியிருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பாயில் குந்திச் சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்தாள். பெருவிரலும் இரண்டு விரல்களும் ஒன்றாகக் குவிந்தன.

ஆகத்தம்மா அந்த விரல்களைப் பார்த்தாள். வேண்டாம் அக்கா என்று சொல்ல வாய் திறந்தாள். அந்தக் கால் வீக்கத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. பிள்ளையின் நெற்றியில் நீறு விழுந்தது.

விடியக் காய்ச்சல் விட்டிருந்தது. பிள்ளை பசிக்குது என்றது. சந்தோசத்தில் ஆகத்தம்மா முற்றத்தில் முழங்காலில் விழுந்து மாதாவுக்கு நன்றி சொன்னாள். உள்ளே வந்தபோது பிள்ளை திரும்பவும் தூங்கிவிட்டிருந்தது. நெற்றியில் நீறு இருந்தது. சுகம் வந்தபடியால்தான் அது அவளைச் சுட்டது. காய்ச்சல் இன்னும் எரிந்துகொண்டிருந்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பாள். சுகமாகிய பிள்ளையின் நெற்றியில் அது நின்றால், சுகம் தந்தது யாரென்று அது சொல்லும். அத்தனை செபமாலையும் வீணென்று சொல்லும். பஸ் யன்னலுக்குள் வந்த கையை நினைத்தாள். சேலைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்தாள்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் பெரிய தண்டனை. அன்னபாக்கியம் யாருக்கும் வாய் திறக்கவில்லை என்பது வாய்க்காலடியில் மற்றப் பெண்கள் வழக்கம்போலச் சிரித்துக் கதைத்ததிலிருந்து தெரிந்தது. சிற்றம்பலம் தன் வயலுக்குக் கடைசித் தண்ணீர் பாய்ச்சிய அன்று, எப்போதும் போல இவளுடைய வரம்பையும் வெட்டிவிட்டார், இன்னும் இரண்டு கிழமையில் அரிவு வெட்டலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்னபாக்கியம் மட்டும் தண்ணீருக்கு வரும் நேரத்தை மாற்றிக்கொண்டாள். யாராவது ஏசியிருக்கலாம் என்று ஆகத்தம்மா ஏங்கினாள். வேதக்காரி நன்றி கெட்டவள் என்று யாராவது வேலிக்கு மேலால் கத்தியிருக்கலாம். அப்படிக் கத்தியிருந்தால் தலை நிமிர்ந்து நின்றிருப்பாள், அதற்குத்தான் சின்ன வயதிலிருந்து பழகியிருந்தாள். ஏசாமல் தண்ணீர் வெட்டிவிடுகிற மனிதருக்கு முன்னால் எப்படி நிற்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அவளுடைய பெயர்த் திருநாள் வந்தது. கோயில் மணி இல்லை. காட்டுப் பக்கம் கௌதாரி கத்தியது, அவ்வளவுதான். அரிசிமாவில் இரண்டு ரொட்டி சுட்டு மகளுக்குக் கொடுத்துவிட்டு, அப்பு சொன்னதுபோல ஏதாவது கதை சொல்லப் பார்த்தாள். சிட்டிகைச் சாம்பிராணிக் கதைதான் வாயில் வந்தது. நீதிபதி வரைக்கும் சொன்னாள். அதற்கு மேல் அந்த நீதிபதிக்கு முகம் வரவில்லை. வீங்கின கால்கள்தான் வந்தன. மிச்சம் என்ன என்று செசிலி கேட்டது. மறந்துபோச்சு என்றாள்.

பித்தளைக் கிண்ணம் அவளிடமே இருந்தது. புளி போட்டுத் துலக்கி வைத்திருந்தாள். வெறுங் கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அங்கே இல்லை. வளவில் விளைந்த பயற்றை நிரப்பிக்கொண்டு ஒருநாள் வேலிப் பொட்டடிக்குப் போனாள். பொட்டுக்குக் குறுக்கே சிலந்தி வலை கட்டியிருந்தது. நன்றாக, ஓர் இழை அறாமல் கட்டியிருந்தது. அதை அறுக்க மனம் வராமல் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள்.

விபூதிப் புதனன்று தபசு காலம் தொடங்குகிறது. விடிய எழும்பி, மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருந்த குருத்தோலையை எடுத்தாள். போன வருடக் குருத்தோலை ஞாயிறுக்கு இன்னாசி கோயிலில் வாங்கி, பஸ்ஸில் இருந்தபடியே சிலுவையாக மடித்தது. அவனுடைய கை செய்த பொருளென்று வீட்டில் அழியாமல் இருந்தது அது ஒன்றுதான். பழைய குருத்தோலைகளைக் கொண்டுபோய்க் கோயிலில் எரிக்கக் கொடுப்பதும், அந்தச் சாம்பலைக் குருவானவர் எல்லாருடைய நெற்றியிலும் பூசுவதும் வழக்கம். கொடுக்காமல் விட்டாலும் கேட்க யாருமில்லை. ஆனாலும் கொண்டுபோனாள். கிளிநொச்சிக் கோயில் முற்றத்தில் இரும்புச் சட்டிக்குள் அதைப் போட்டபோது சட்டென்று பற்றி, மடிப்பெல்லாம் ஒருமுறை நிமிர்ந்து, சுருண்டு கறுத்தது. செசிலி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி பார்த்தது.

சுவாமியார் லத்தீனில் முணுமுணுத்தபடி வரிசையாக வந்தார். கறுத்த பெருவிரல் ஆகத்தம்மாவின் நெற்றியில் அழுந்தியது. பிள்ளைக்கும் போட்டார். அது சுவாமியாரின் வாயையே கவனித்துக்கொண்டு நின்றது. பூசை முடிந்து சவக்காலைக்குப் போய் இன்னாசியின் மண்மேட்டில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். அந்தச் சாம்பலைத் துடைப்பதில்லை, அது தானாக உதிர வேண்டும்.

பஸ்ஸால் இறங்கி வாய்க்கால் கட்டால் வந்தபோது அன்னபாக்கியம் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். நேரத்தை மாற்றினவள் அகப்பட்டுக்கொண்டாள். செசிலி கையை உதறிக்கொண்டு ஓடிப்போய் அவளுக்கு முன்னால் நின்றது. அன்னபாக்கியம் பிள்ளையின் நெற்றியைப் பார்த்தாள். பிறகு தாயின் நெற்றியைப் பார்த்தாள்.

"ஆர் பூசினது?"

"சுவாமி" என்றது பிள்ளை.

"என்னத்துக்கு?"

பிள்ளைக்குத் தெரியவில்லை. ஆகத்தம்மாதான் சொல்ல வேண்டியிருந்தது.

"மண்ணிலயிருந்து வந்தனாங்கள், மண்ணாத்தான் போவம் எண்டு நினைக்கிறதுக்கு, அக்கா."

அன்னபாக்கியம் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அவளுடைய நெற்றியில் காலையில் பூசிய நீறு வியர்வையில் பாதி கலைந்திருந்தது.

"எங்கட நீறும் அதைத்தான் சொல்லுது, பிள்ளை." கொஞ்சத் தூரம் போய்த் திரும்பினாள். "இதைத் துடைக்க மாட்டாய், என்ன."

அது கேள்வியில்லை. ஆகத்தம்மா வாய்க்கால் கட்டின்மேலேயே நின்றாள். சொல்வதற்கு அவளிடம் எவ்வளவோ இருந்தது. ரோமாபுரி இருந்தது, மன்னார் இருந்தது, கூலியாள் வேசத்தில் வந்த குருக்கள் இருந்தார்கள், பஸ் யன்னலுக்குள் வந்த ஒரு கை இருந்தது. அதில் ஒன்றைக்கூடத் தண்ணீர்க் குடத்தோடு போகிற ஒருத்தியின் முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அந்தக் காலைப்பொழுது திரும்ப வந்தால் என்ன செய்வாய் என்று தன்னையே கேட்டாள். துடைக்கத்தான் செய்வாள். கதவைச் சாத்திவிட்டுத் துடைப்பாள். அந்த நினைப்பு வந்ததும் வெட்கமாக இருந்தது. ஒல்லாந்தர் காலத்திலும் கதவைச் சாத்தினார்கள்தான், ஆனால் கஞ்சி கொண்டுவந்தவளுக்குப் பயந்து சாத்தியிருக்க மாட்டார்கள்.

செசிலிக்கு அதற்குப் பிறகு ஒரே விளையாட்டுத்தான். அடுப்புச் சாம்பலைச் சிரட்டையில் அள்ளிக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி போகும். உரலுக்குப் பூசியது, ஆட்டுக்குட்டிக்குப் பூசியது, தாய்க்கும் பூசியது. ஆகத்தம்மா பிள்ளையை ஏசவில்லை. வீட்டில் ஒரு சத்தம் கேட்டால் போதுமென்றிருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் பிள்ளையின் சத்தம் கேட்கவில்லை. வளவைச் சுற்றிப் பார்த்தாள். கிணற்றடியில் இல்லை. வேலிப் பொட்டடிக்கு வந்தாள். சிலந்தி வலை நடுவில் கிழிந்து இரண்டு பக்கமும் தொங்கியது. பிள்ளையைக் கூப்பிட வாயெடுத்தும் அவள் கூப்பிடவில்லை. குசினிக்குள் திரும்பிப் போய், பயறு நிரப்பியிருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து பொட்டுக்குள் குனிந்தாள்.

அந்தப் பக்கம் அன்னபாக்கியம் முற்றத்தில் குந்தியிருந்து நெல்லுப் புடைத்துக்கொண்டிருந்தாள். செசிலி அவளுக்கு முன்னால் சிரட்டையோடு நின்றது. தலைமயிரில் சிலந்தி வலை ஒட்டியிருந்தது. பிள்ளை முணுமுணுத்தது. சுளகு நின்றது. அன்னபாக்கியம் ஒருவரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், பிள்ளையின் கைக்கு எட்டுமட்டும் தலையைக் குனிந்து கொடுத்தாள். பிள்ளை கறுத்த பெருவிரலை அவளுடைய நெற்றியில் வெள்ளை நீற்றுக்கு மேலே வைத்து அழுத்தி இழுத்தது. சிலுவையாக வரவில்லை. கோணலான ஒரு கீறு.

சிற்றம்பலம் மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு அந்தப் பக்கம் வந்தார். பெண்சாதியின் முகத்தைப் பார்த்து நின்றார்.

"என்னப்பா இது, நெத்தியெல்லாம் கரி. துடை."

"இருக்கட்டும்" என்றாள் அன்னபாக்கியம்.

சுளகை வைத்துவிட்டு எழும்பிக் குடத்தை எடுத்தாள். செசிலி அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் படலையைத் திறந்து, வரிசைச் சனமெல்லாம் தண்ணீருக்கு வருகிற நேரத்தில், வாய்க்கால் பக்கம் நடந்தார்கள். வெயில் முகத்துக்கு நேரே அடித்தது. வேலிப் பொட்டுக்குள் பாதி உடம்பு அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமுமாகக் குனிந்தபடி, ஆகத்தம்மா பயற்றுக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கிழிந்த வலையின் இழை ஒன்று அவளுடைய கன்னத்தில் ஒட்டியிருந்தது.